கம்பெனியும் வளரணும், கார்பனும் குறையணும்: நிஜமா யாராவது செஞ்சு காட்டியிருக்காங்களா?

கணக்குப்பிள்ளை:

கொஞ்ச நாளா பெரிய கம்பெனிகளோட சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டுகளை உக்காந்து படிச்சிட்டு இருக்கேன். அட்டையில காத்தாலை, உள்ள பச்சைப்பசேல்னு படம், தலைவரோட கடிதம், இதெல்லாம் தாண்டி கடைசியில பொடி எழுத்துல ஒரு டேபிள் வரும் பாருங்க, அதுலதான் சரக்கு இருக்கு.

மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில என்ன சொன்னாங்க? 2030க்குள்ள நாங்க விடுறதை விட அதிகமா கார்பனை காத்துல இருந்து எடுத்துடுவோம், 2050க்குள்ள 1975ல கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து நேரடியாவும் கரண்ட் மூலமாவும் விட்டது அத்தனையையும் திரும்ப எடுத்துடுவோம்னாங்க. 2024ல அவங்களே போட்ட ரிப்போர்ட் பிரகாரம் 2020ஓட ஒப்பிட்டா மொத்தம் 29.1% ஏறியிருக்கு. அதுல ஒரு விசித்திரம், சொந்த ஆபீஸ், வண்டி, வாங்குற கரண்ட் (அதாவது ஸ்கோப் 1, 2) இதுல 6.3% குறைச்சிருக்காங்க, ஆனா ஸ்கோப் 3ன்னு சொல்ற மத்ததெல்லாம், டேட்டா சென்டர் கட்ட வாங்குற சிமென்ட்டு, ஸ்டீலு, சிப்பு எல்லாம் சேர்ந்து 30.9% கூடிப்போச்சு. கூகிளும் அதே கதைதான், 2023ல 1.43 கோடி டன், 2019ஐ விட 48% அதிகம்.

இவங்க ஃபிராடுன்னு நான் சொல்ல வரல. நம்பரை மறைக்காம அவங்களே போட்டிருக்காங்க, காசும் செலவு பண்றாங்க, ஆளும் இருக்காங்க. அப்படியும் முடியலைன்னா யாருக்குத்தான் முடியும்? வியாபாரமும் வளர்ந்து, மொத்த டன்னும் குறைஞ்ச கம்பெனி எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. "ஒரு பொருளுக்கு இவ்வளவு குறைஞ்சுது", "ஒரு டாலர் விற்பனைக்கு இவ்வளவு குறைஞ்சுது" கதையெல்லாம் வேண்டாம், மொத்த டன் மட்டும் பேசுவோம். வானத்துக்கு சதவீதம் தெரியாது.

வேப்பங்காய்:

தலைவா நீங்க ரொம்ப நல்லவரு, ரிப்போர்ட்டெல்லாம் படிக்கிறீங்க. நான் யாரு எப்ப பின்வாங்கினாங்கன்னு மட்டும்தான் பார்க்கிறது.

பிரிட்டிஷ் எண்ணெய் கம்பெனி பிபி 2020ல, 2030க்குள்ள எண்ணெய் எரிவாயு உற்பத்தியை 40% குறைப்போம்னு சொல்லி கைத்தட்டு வாங்கினான். 2023 பிப்ரவரியில அது 25% ஆச்சு. 2025 பிப்ரவரியில அதுவும் போச்சு, திரும்ப எண்ணெய் எரிவாயுவுலதான் வருஷத்துக்கு 1000 கோடி டாலர்னு அறிவிச்சுட்டான். நடுவுல என்ன நடந்துச்சு? எண்ணெய் விலை ஏறுச்சு, ஷேர் வச்சிருக்கவன் கத்தினான், அவ்வளவுதான். இன்னொரு எண்ணெய் கம்பெனி ஷெல் மேட்டர் இன்னும் ஜோர், 2021ல நெதர்லாந்து ஹேக் கோர்ட்டு 2030க்குள்ள கார்பனை 45% குறைச்சாகணும்னு தீர்ப்பே குடுத்துச்சு, 2024 நவம்பர்ல அப்பீல்ல அது ரத்து. அந்த வருஷம் மார்ச்லயே 2035 டார்கெட்டை சத்தமில்லாம தூக்கிட்டாங்க.

லாபமும் பூமியும் ஒரே பக்கம் இருக்கிற வரைக்கும் எல்லாரும் பசுமைதான். எதிரெதிர் பக்கம் போற அன்னிக்கு எது ஜெயிக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நட்டுபோல்ட்டு:

வேப்பங்காய் அண்ணே, எண்ணெய் கம்பெனியை உதாரணம் காட்டி எல்லாரையும் ஒரே தராசுல போடாதீங்க. அவன் விக்கிறதே கார்பன். சோப்பு விக்கிறவனும் கப்பல் ஓட்டுறவனும் அப்படி இல்ல.

கப்பலையே எடுத்துப்போம். எரிபொருள் செலவு வேகத்தோட கிட்டத்தட்ட மூணாம் அடுக்குல ஏறும். வேகத்தை 10% குறைச்சா மணிக்கு எரியறது 27% குறையுது, பயணம் நீளுறதால அந்த ட்ரிப்புக்கு மொத்தத்துல 19% வரைக்கும் மிச்சம். புது டெக்னாலஜி எதுவும் வேண்டாம், கேப்டன் மெதுவா ஓட்டினா போதும். ஆனா பாருங்க, அதே அளவு சரக்கை அதே வருஷத்துல தூக்கணும்னா இப்போ 11% அதிக கப்பல் வேணும். சரக்கும் வருஷா வருஷம் கூடுதுன்னா மெதுவா ஓட்டி மிச்சம் பிடிச்சதை வளர்ச்சி சில வருஷத்துல தின்னுடும். அதனாலதான் மேர்ஸ்க் மாதிரி பெரிய கப்பல் கம்பெனிங்க எரிபொருளையே மாத்தப் போனாங்க, மெத்தனால்ல ஓடுற முதல் கன்டெய்னர் கப்பலை 2023ல இறக்கினாங்க. பசுமை மெத்தனால் சாதா எரிபொருளை விட ரொம்ப விலை, அந்த வித்தியாசத்தை சரக்கு அனுப்புறவன் தலையில வைக்க "பசுமை டெலிவரி"ன்னு தனி ரேட்டு வச்சிருக்காங்க. வாங்க ஆள் இருக்கிற அளவுக்குதான் அது ஓடும்.

சிக்கனம் மட்டும் மொத்தத்தைக் குறைக்காதுங்கிறது புதுசு இல்ல, 1865லயே ஜெவான்ஸ்னு ஒருத்தர் நீராவி எஞ்சின் சிக்கனமாக ஆக நாட்டுல நிலக்கரி அதிகமாத்தான் எரியுதுன்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. ஏஐ சிப்புக்கும் இப்ப அதேதான் நடக்குது.

பின்வரிசை:

ஸ்கோப் 1, 2, 3ன்னா என்னன்னு யாராவது ஒரு வரியில சொல்லுங்கப்பா, பாதி புரியல.

கணக்குப்பிள்ளை:

@பின்வரிசை உங்க பாய்லர்ல, உங்க வண்டியில எரியறது 1. நீங்க காசு குடுத்து வாங்குற கரண்டை வேற ஒருத்தன் தயாரிக்கும்போது எரியறது 2. மீதி எல்லாம் 3, அதாவது நீங்க வாங்குற பொருளை செய்யறவன் விட்டது, நீங்க வித்த பொருளை ஜனங்க பயன்படுத்தும்போது வர்றது, ஸ்டாஃப் ஆபீஸ் வர்றது, குப்பையில போறது, இப்படி 15 தலைப்பு. 2011ல அதுக்குன்னு தனி வழிமுறையே போட்டாங்க. நிறைய கம்பெனிக்கு மொத்தத்துல பெரும்பங்கு இந்த மூணுலதான் கிடக்கு.

குடோன்காரி:

அந்த மூணாம் நம்பரை எப்படி கணக்கு போடுறாங்கன்னு உள்ள இருந்து பார்த்தவ நான், சொல்றேன் கேளுங்க. எங்களது பெரிய பிராண்டுகளுக்கு பாகம் செஞ்சு குடுக்கிற நடுத்தர யூனிட். வருஷக் கடைசி வந்தா ஒவ்வொரு கஸ்டமரும் ஒரு போர்ட்டல் லிங்க் அனுப்புவாங்க. ஒருத்தன் மொத்த கரண்ட் யூனிட் கேப்பான், இன்னொருத்தன் அவனுக்கு செஞ்ச பொருளுக்கு மட்டும் பிரிச்சுக் கேப்பான், மூணாவது ஆள் "உங்க 2030 லட்சியம் என்ன"ன்னு கேப்பான். அதே மெஷின், அதே மீட்டர், அதே ஷிஃப்டு, ஆனா ஆளாளுக்கு வேற வேற ஃபார்ம். நிரப்பறது யாருன்னா அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற பொண்ணு, ஜிஎஸ்டி வேலை முடிச்சிட்டு மிச்ச நேரத்துல.

நிரப்பலைன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா, எங்களுக்கு அந்த வருஷம் குடுத்த பணத்தை ஒரு சராசரி எண்ணால பெருக்கி "இதுதான் உங்க கார்பன்"னு போட்டுக்குவாங்க. பேர் வேண்டாம், ஒரு கஸ்டமருக்காக நாங்க ரீசைக்கிள் அலுமினியத்துக்கு மாறினோம். புது அலுமினியத்தோட ஒப்பிட்டா அதுக்கு ஆகுற எனர்ஜி கிட்டத்தட்ட 5%தான். ஆனா சர்டிஃபிகேட் உள்ள சரக்கு, சோதனை அது இதுன்னு எங்க பில்லு ஏறுச்சு. அவங்க ஷீட்டுல எங்க கார்பனும் சேர்ந்து ஏறுச்சு! காசை வச்சுத்தானே கணக்கு, காசு கூடினா கார்பனும் கூடும். மெயில் மேல மெயில் போட்டேன், "சிஸ்டத்துல அப்படித்தான் வரும் மேடம்"னு பதில் வந்துச்சு. அப்ப விலையைக் குறைச்சுக்கிட்டு நிலக்கரி கரண்ட்டுல செஞ்ச அலுமினியத்தைக் குடுத்தா நாங்க ரொம்ப பசுமை.

வால்மார்ட் 2017ல சப்ளையர்களை வச்சே 100 கோடி டன் தவிர்ப்போம்னு கிகாடன் திட்டம் ஆரம்பிச்சு, 2030க்கு வச்ச இலக்கை 2024லயே எட்டிட்டோம்னு சொன்னாங்க. நல்ல விஷயம்தான், ஆனா அது சப்ளையருங்க தாங்களே எழுதிக் குடுத்த "தவிர்த்த" டன், வானத்துல இருந்து குறைஞ்ச டன் இல்ல. அதே வருஷக் கடைசியில அவங்க சொந்த இலக்கு 2025க்கும் 2030க்கும் எட்டுறது கஷ்டம்னும் அவங்களே சொல்லிட்டாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்.

வேப்பங்காய்:

அக்கா இதைத்தான் நான் ஒரு வரியில சொன்னேன், நீங்க ஆதாரத்தோட சொல்லிட்டீங்க 👏

கணக்குப்பிள்ளை:

குடோன்காரி மேடம் சொன்னது தங்கம். நான் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைச்ச ஒரு பதில் ஓர்ஸ்டெட். டென்மார்க் அரசு கம்பெனியா, டாங் எனர்ஜின்னு பேர் வச்சுக்கிட்டு நிலக்கரியும் எண்ணெயும் பார்த்துக்கிட்டு இருந்த ஆளு, கடல்ல காத்தாலை போடுறதுல உலகத்துல முன்னணிக்கு வந்துட்டாங்க. 2017ல பேரையே மாத்தினாங்க, 2024 ஆகஸ்ட்ல கடைசி நிலக்கரி ஆலையையும் மூடிட்டாங்க. லோகோவுல பச்சை அடிச்சுட்டு நிக்காம தொழிலையே மாத்தின கேஸ் இது.

வேப்பங்காய்:

அந்த எண்ணெய் வயலை என்ன பண்ணாங்கன்னும் சொல்லுங்க பிள்ளை. மூடினாங்களா? 2017ல இனியாஸ்னு வேற கம்பெனிக்கு வித்தாங்க. எண்ணெய் அதே குழாய்லதான் வந்துச்சு, கணக்கு மட்டும் வேற நோட்டுக்கு மாறுச்சு. நிலக்கரி ஆலை சிலதுல மரத்துண்டு எரிச்சு அதை பசுமைன்னு எழுதிக்கிட்டாங்க. 2023ல வட்டி ஏறினதும் அமெரிக்காவுல ஓஷன் விண்ட்னு கடல் காத்தாலை ப்ராஜெக்ட்டையே கைவிட்டு பல நூறு கோடி டாலர் நஷ்டம் எழுதினாங்க.

கணக்குப்பிள்ளை:

வித்த விஷயம் சரியான பாயிண்ட், ரிப்போர்ட்டுல அடிப்படை ஆண்டு கணக்கை திருத்தியிருக்காங்களான்னு பார்க்கிறது அதுக்குத்தான். ஒரு யூனிட்டை வித்தா பழைய வருஷத்துல இருந்தும் அதைக் கழிக்கணும், இல்லைன்னா வித்ததெல்லாம் சாதனையா தெரியும். ஆனா நிலக்கரியை நிறுத்தினதும் காத்தாலை போட்டதும் உண்மை நண்பா, அது யார் நோட்டுக்கும் மாறல.

மீட்டர்ரீடர்:

லேட்டா வர்றேன், கரண்ட் பக்கம் யாரும் தொடலையே. "நாங்க 100% புதுப்பிக்கத்தக்க கரண்ட்ல ஓடுறோம்"னு ஒரு வரி எல்லா ரிப்போர்ட்டுலயும் இருக்கும், கூகிள் 2017லயே சொன்னாங்க, அமேசான் 2023ல ஏழு வருஷம் முன்னாடியே எட்டிட்டோம்னாங்க. அது என்ன அர்த்தம்னா வருஷம் பூரா எத்தனை யூனிட் இழுத்தாங்களோ அத்தனை யூனிட்டுக்கு சோலாரோ காத்தாலையோ சர்டிஃபிகேட்டோ வாங்கியிருக்காங்க. வருஷக் கணக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு காத்தும் இல்லாம சூரியனும் இல்லாம சர்வர் ஓடும் பாருங்க, அப்ப கிரிட்ல (எல்லாருக்கும் பொதுவான மின்வலையில) இருந்து வர்றது பெரும்பாலும் நிலக்கரியோ கேஸோதான். மத்தியானம் மிஞ்சின சோலார் யூனிட்டை ராத்திரி யூனிட்டுக்கு எதிரா கழிச்சுக்கிறாங்க.

இந்த ஓட்டையை முதல்ல ஒத்துக்கிட்டதும் கூகிள்தான், அதை சொல்லியாகணும். 2030க்குள்ள ஒவ்வொரு மணி நேரமும், ஒவ்வொரு கிரிட்லயும் கார்பன் இல்லாத கரண்டுன்னு புது இலக்கு வச்சாங்க, 2023ல அந்தக் கணக்குப்படி அவங்க 64%. நூறு இல்ல, அறுபத்து நாலு. அதே ஆளு, அதே கரண்ட்டு, அளவுகோலை மாத்தினதும் இவ்வளவு வித்தியாசம். எனக்கு நூறுன்னு சொல்றவனை விட அறுபத்து நாலுன்னு சொல்றவன் மேல நம்பிக்கை அதிகம்.

அணு உலைப் பக்கம் இவங்க ஏன் போறாங்கன்னும் இப்ப புரியும். மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர்ல அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துல மூடிக் கிடந்த 1வது யூனிட்டைத் திரும்ப ஓட்ட வச்சு 20 வருஷத்துக்கு கரண்ட் வாங்க ஒப்பந்தம் போட்டாங்க, 835 மெகாவாட். 1979ல அங்க விபத்து நடந்தது 2வது யூனிட்டுல, அது வேற. ராத்திரி ரெண்டு மணி பிரச்சினைக்குத்தான் இது.

பின்வரிசை:

அப்ப ஆப்பிள்? 2015ஐ விட 60%க்கு மேல குறைச்சிட்டோம்னு 2025 ஏப்ரல்ல சொன்னாங்களே, அவங்க வியாபாரமும் நல்லாத்தானே வளர்ந்திருக்கு. கணக்குப்பிள்ளை கேட்டது இதுதானே?

மீட்டர்ரீடர்:

பெரிய கம்பெனிகள்ல அதுதான் கிட்ட வர்ற உதாரணம், குறை சொல்ல எனக்கும் கஷ்டம். ஃபேக்டரி அவங்களது இல்ல, செஞ்சு குடுக்கிறவங்களுது, அந்த சப்ளையர்களை புதுப்பிக்கத்தக்க கரண்டுக்கு மாத்துறதுக்கு பிடிச்ச பிடியாப் பிடிச்சாங்க, ரீசைக்கிள் அலுமினியம் போட்டாங்க. அதுல பாதிக்கு நான் மேல சொன்ன வருஷக் கணக்கு கேள்வி பொருந்தும், ஆனாலும் திசை சரி.

சொதப்பினது எங்கன்னா மிச்சத்தை மரம் நட்டு சரிக்கட்டி "கார்பன் நியூட்ரல் வாட்ச்"னு 2023ல பெட்டி மேல முத்திரை குத்தினது. பராகுவேயில யூகலிப்டஸ் தோட்டம், அதுல 75% நிலத்தோட குத்தகை 2029ல முடியுது, அதுக்கப்புறம் மரம் நிக்குமா வெட்டுவாங்களான்னு உத்தரவாதம் இல்ல. 2025 ஆகஸ்ட்ல ஃபிராங்க்ஃபர்ட் கோர்ட்டு அப்படி விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. குறைச்சதை மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருந்தா யாரும் கேஸ் போட்டிருக்க மாட்டாங்க.

நட்டுபோல்ட்டு:

எல்லாரும் டெக் கம்பெனியையே பேசுறீங்க, கஷ்டமான தொழிலுக்கு வாங்க. சிமென்ட்டுல சுண்ணாம்புக் கல்லை சுட்டாலே அதுக்குள்ள இருக்கிற கார்பன் வெளிய வந்துடும், சூளைக்கு சோலார் போட்டாலும் மாறாது, மொத்தத்துல பாதிக்கு மேல அந்த கெமிஸ்ட்ரிதான். ஸ்டீல்ல பிளாஸ்ட் ஃபர்னஸ் (நிலக்கரி வச்சு தாதுவுல இருந்து இரும்பு உருக்கி எடுக்கிற பெரிய உலை) வழியில ஒரு டன் இரும்புக்கு ரெண்டு டன் கிட்ட கார்பன் டை ஆக்சைடு.

வெளியில யாரும் பேசாத ஒண்ணு சொல்றேன். பிளாஸ்ட் ஃபர்னஸுக்குள்ள இருக்கிற செங்கல் லைனிங் சுமார் 15, 20 வருஷத்துல தேஞ்சு போகும், அப்ப நிறுத்தி திரும்ப கட்டணும், பெரிய செலவு. அந்த ஒரு போர்டு மீட்டிங்தான் கணக்கு. திரும்ப செங்கல் வச்சுட்டா அடுத்த பதினஞ்சு இருபது வருஷம் நிலக்கரின்னு எழுதிக் குடுத்த மாதிரி. "2050ல நெட் ஜீரோ, விடுறதும் திரும்ப எடுக்கிறதும் சமம்"ன்னு மேடையில பேசிட்டு அடுத்த மாசம் ரீலைனிங்க்கு கையெழுத்து போட்டா எந்த பேப்பரை நம்புறது?

ஹைட்ரஜன் வச்சு இரும்பு எடுக்க முடியாதுன்னு இல்ல, ஸ்வீடன்ல ஹைப்ரிட் (HYBRIT)ங்கிற திட்டத்துல செஞ்சு 2021லயே வால்வோவுக்கு குடுத்தாங்க. ஆனா விலை. ஆர்சலர்மிட்டல் ஜெர்மனியில ரெண்டு ஆலையை மாத்த அரசு 130 கோடி யூரோ மானியம் தர்றேன்னு சொல்லியும் 2025 ஜூன்ல கட்டுப்படியாகாதுன்னு விட்டுட்டாங்க. விமானமும் அப்படித்தான், ஏர் நியூசிலாந்து 2024 ஜூலையில 2030 இலக்கை கைவிட்டாங்க, புது விமானம் நேரத்துக்கு வரல, மாற்று எரிபொருள் விலை கட்டலன்னு காரணத்தை வெளிப்படையா சொல்லியே விட்டாங்க.

வேப்பங்காய்:

அப்ப நட்டு, கம்பெனி நல்லவனா கெட்டவனாங்கிறது மேட்டரே இல்ல, கட்டுபடியாகுற மாதிரி சட்டம் போடணும்ங்கிறீங்க. அதுக்கு நானும் ஒத்துக்கிறேன். வாக்குறுதி மேல எனக்கு நம்பிக்கை கிடையாது, வரி மேல உண்டு.

நட்டுபோல்ட்டு:

ஐரோப்பா அதைத்தான் பண்ணுது. உள்ளூர்ல 2005ல இருந்தே கார்பனுக்கு விலை, இப்ப வெளியில இருந்து வர்ற ஸ்டீல், சிமென்ட், அலுமினியம், உரத்துக்கும் எல்லையில கார்பன் கட்டணம், 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு மட்டும் கேட்டாங்க, 2026 ஜனவரியில இருந்து வர்ற சரக்குக்கு காசு. "இங்க கார்பனுக்கு விலை, வெளிநாட்டுல இல்ல"ங்கிற சாக்கு அடிபட்டுப் போகும்.

கணக்குப்பிள்ளை:

சட்டம் வர்ற வரைக்கும் கம்பெனிக்குள்ளயே பண்றதுக்கும் வழி இருக்கு, அதை விட்டுடக் கூடாது. மைக்ரோசாஃப்ட்ல 2012ல இருந்து ஒவ்வொரு பிரிவும் விடுற கார்பனுக்கு உள்ளுக்குள்ளயே கட்டணம் கட்டணும், 2019ல டன்னுக்கு 15 டாலர் ஆக்கினாங்க. டிபார்ட்மென்ட் பட்ஜெட்ல இருந்து போறதால மேனேஜருக்கு உறைக்கும். ஆனா அந்த 15 டாலர் டேட்டா சென்டர் கட்டுறதை ஒரு நாளாவது தள்ளிப் போட்டிருக்கும்னு நான் நம்பல, ஏஐ பந்தயத்துல அது சில்லறை.

வித்த பொருள் ஜனங்க வீட்டுல எரிக்கிற கரண்ட்டும் ஸ்கோப் 3லதான் வரும். ஐகியா 2015ல பழைய பல்பு, சிஎஃப்எல் எல்லாத்தையும் நிறுத்திட்டு எல்இடி மட்டும்தான்னு முடிவு பண்ணாங்க. பல்பு வியாபாரமும் குறையல, வித்த ஒவ்வொரு பல்பும் இழுக்கிற கரண்ட் சரசரன்னு இறங்குச்சு. "பழசும் இருக்கு, பசுமையானதும் இருக்கு, நீங்களே பார்த்து எடுங்க"ன்னு விட்டுட்டு பழியை வாங்குறவன் மேல போடல பாருங்க, அது எனக்குப் பிடிச்சது. வளர்ச்சியையும் கார்பனையும் பிரிக்க முடிஞ்சவன் எல்லாம் எங்கயோ ஒரு பொருளை விக்கறதை நிறுத்தியிருக்கான்.

வேப்பங்காய்:

பழைய பல்பை நிறுத்தினது சுலபம், புதுசு அதை விட லாபம். எண்ணெய்க்காரன் அதே மாதிரி நிறுத்துற அன்னிக்கு வந்து சொல்லுங்க. யூனிலீவர் 2010ல வியாபாரத்தை ரெண்டு மடங்காக்கி பாதிப்பை பாதியாக்குவோம்னு பிளான் போட்டு உலகத்துக்கே பாடம் நடத்தினாங்க, 2024ல புது பிளாஸ்டிக்கை பாதியாக்கற இலக்கை 30%னு இறக்கி வருஷத்தையும் 2026க்கு தள்ளிட்டாங்க. தலைவர் மாறினா கொள்கை மாறுதுன்னா அது கொள்கையே இல்ல.

பின்வரிசை:

சரி அண்ணன்மாரே அக்காமாரே, எனக்கு ஒரு கம்பெனியில சஸ்டைனபிலிட்டி டீம்ல வேலை வந்திருக்கு, அதுக்குத்தான் இவ்வளவும் கேட்டேன். இன்டர்வியூல நான் திருப்பிக் கேக்கிற மாதிரி ரெண்டு கேள்வி சொல்லுங்க.

குடோன்காரி:

முதல்ல, ஸ்கோப் 3ல எவ்வளவு சப்ளையர் குடுத்த நிஜ டேட்டா, எவ்வளவு காசை வச்சுப் போட்ட உத்தேசம்னு கேளு தம்பி. பதில் தெரியலைன்னா டீம் புதுசு, தெரிஞ்சும் மழுப்பினா உஷாரு. அப்புறம் சப்ளையருக்கு ஃபார்ம் அனுப்புறதைத் தவிர வேற என்ன செய்யறீங்கன்னு கேளு, நீண்ட கால ஆர்டர் தர்றாங்களா, கொஞ்சம் விலை ஏத்திக் குடுக்கிறாங்களான்னு. எங்களுக்கு புது ஃபர்னஸ் வாங்க பேங்க்ல லோன் கேட்டா அவன் கேக்கிறது அடுத்த அஞ்சு வருஷ ஆர்டர் லெட்டர், லட்சியம் இல்ல.

கணக்குப்பிள்ளை:

அதோட இந்த டீம் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுதுன்னு கேளுங்க. ஃபைனான்ஸ் தலைவருக்குன்னா சேருங்க. விளம்பரத் துறைக்குன்னா சம்பளம் நல்லா இருந்தா மட்டும் சேருங்க :)